பாட்டி கதையும் தேசத்தின் உயிரும்

1889-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் நியூயார்க் நகரிலிருந்து ஸ்பானிஷ் பாஷையில் ஒரு சிறுவர் மாதப் பத்திரிகை வெளிவந்தது. 'பொற்காலம்' என்பது அதன் பெயரின் பொருள். பக்கங்கள் 32. அத்தனை பக்கங்களையும் எழுதியவர் ஒருவரே. குழந்தைகளுக்குக் கதை சொல்வதையே தொழிலாகக் கொண்டவர் அல்லர் அவர். கியூபாத் தீவின் விடுதலையைப் பேசியதற்காகப் பதினாறாம் வயதில் கைதாகி, கல் வெட்டும் கடுந்தண்டனையை அநுபவித்து, நாடு கடத்தப்பட்ட ஹோஸே மார்த்தி என்னும் தேசபக்தர். 1892-இல் கியூபப் புரட்சிக் கட்சியை ஸ்தாபித்தவரும், 1895 மே 19-ஆம் தேதி தோஸ் ரியோஸ் போர்க்களத்தில் உயிர் நீத்தவரும் அவரே.

ஒரு தேசத்தின் விடுதலைப் போருக்கு ஆள் சேர்த்துக்கொண்டும், பணம் திரட்டிக்கொண்டும் இருந்த மனிதருக்குக் குழந்தைக் கதை எழுத அவகாசம் எங்கிருந்து வந்தது என்று நம் அரசியல் ஊழியர்கள் கேட்கலாம். அவகாசம் கிடைத்ததால் அவர் எழுதவில்லை. அவசியம் என்று கண்டதால் எழுதினார். பொலிவார், ஹிதால்கோ, ஸான் மார்த்தீன் என்ற மூன்று விடுதலை வீரர்களின் சரித்திரம் அதில் வந்தது. அமெரிக்கக் கண்டத்துப் பூர்வ குடிகளின் பாழடைந்த நகரங்களைப் பற்றிய வியாசம் வந்தது. ஆசியாவில் பிரெஞ்சுக்காரருக்கு அடிமைப்பட்டுக் கிடந்த அன்னாம் தேசத்து ஜனங்களைப் பற்றியும் வந்தது. நீலக் கண்ணும் பொன்னிறக் கூந்தலும் உடைய புதுப் பொம்மையை ஒதுக்கிவிட்டுத் தன் பழைய கறுப்புப் பொம்மையை மார்போடு அணைத்துக் கொள்ளும் ஒரு சிறுமியின் கதையும் வந்தது. இவற்றையெல்லாம் படிக்கும் குழந்தை யாராக வளரும் என்பது மார்த்திக்கு நன்றாய்த் தெரியும்.

பத்திரிகை நான்கே இதழ்களோடு நின்றுவிட்டது. கடவுளிடத்தில் பயத்தை ஊட்டும் விஷயங்கள் அதில் இடம் பெற வேண்டும் என்று பணம் போட்டவர் விரும்பினார், மார்த்தி இணங்கவில்லை. ஆயினும் அந்த நான்கு இதழ்கள் நூலாகித் தலைமுறை தலைமுறையாக ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் வாசிக்கப்பட்டு வருகின்றன. குழந்தையின் மனத்திலே எந்த உலகத்தை முதலில் குடியேற்றுவது என்பது அரசியல் விஷயமே என்று அவர் காட்டிச் சென்றார். அந்த வழியில் பின்னால் வந்தவர்கள் தங்கள் பாட்டிமாரின் வாய்மொழிக் கதைகளையே எடுத்துப் புதிய அற்புதக் கதைகளாக எழுதினார்கள். அவர்கள் செய்த வேலை எத்தகையது, அதில் கவனிக்க வேண்டிய அபாயங்கள் எவை என்பதே இங்கு நாம் ஆராய விரும்புவது.

மூன்று நதிகளின் கலப்பு

ஸ்பானிஷ் ஜனங்களின் கதைகள் என்று ஒரே பெயரால் சொல்லிவிடுகிறோம். அவை ஒரே ஊற்றிலிருந்து வந்தவை அல்ல. முதல் ஊற்று ஸ்பெயின் தேசம். அதிலும் அராபியர், யூதர், கிறிஸ்தவர் ஆகிய மூவரின் கதைகளும் கலந்திருக்கின்றன. 1251-ஆம் வருஷத்தில், பின்னால் பத்தாம் அல்போன்ஸோ என்று பட்டமேறிய ராஜகுமாரரின் ஆணைப்படி, அரபு பாஷையிலிருந்து 'கலீலா, திம்னா' என்ற நூல் காஸ்திலிய பாஷையில் பெயர்க்கப்பட்டது. கலீலாவும் திம்னாவும் வேறு யாருமல்லர். நமது பஞ்சதந்திரத்து நரிகளாகிய கரடகனும் தமனகனுமே. பாரசீகம், அரேபியா வழியாக நடந்து ஸ்பெயின் போய்ச் சேர்ந்தார்கள். ஆகவே ஸ்பானிஷ் குழந்தைகளின் கதைப் பெட்டியிலே நம் முன்னோர் வைத்த பொருளும் ஒன்று உண்டு.

இரண்டாவது ஊற்று, அமெரிக்கக் கண்டத்துப் பூர்வ குடிகளுடையது. இதை அடைத்துவிட எவ்வளவோ முயற்சி நடந்தது. 1562 ஜூலையில் யுகதான் பிரதேசத்து மானீ என்ற ஊரில், தியேகோ தே லாந்தா என்ற பாதிரியார் மாயா ஜனங்களின் சித்திர எழுத்துப் புஸ்தகங்களைக் குவித்துத் தீயிட்டார். இன்று உலகத்தில் எஞ்சியிருக்கும் பழைய மாயாச் சுவடிகள் நான்கே. ஆனால் கதை காகிதத்தை மட்டும் நம்பி வாழ்வதில்லை. குவாதமாலாவில் கீச்சே என்ற மாயா வகுப்பார், வென்றவர்கள் கற்றுக்கொடுத்த ரோமானிய எழுத்தையே கைக்கொண்டு, தங்கள் சொந்த பாஷையிலே தங்கள் புராணத்தை எழுதி வைத்தார்கள். அதுவே 'போபோல் வூ'. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸிஸ்கோ ஹிமேனெஸ் என்ற வேறொரு பாதிரியார் அதைப் பார்த்துப் பிரதி செய்து, ஸ்பானிஷிலும் பெயர்த்தார். அந்தப் பிரதி இன்று சிக்காகோ நகரத்து நியூபெரி நூல் நிலையத்தில் இருக்கிறது. ஒரு பாதிரியார் எரித்தார், ஒரு பாதிரியார் காப்பாற்றினார் என்பதைச் சரித்திரம் நடுநிலையோடு குறித்துக்கொள்ளட்டும்.

அந்தப் புராணத்திலே இரட்டைச் சகோதரர்கள் இருவர் வருகிறார்கள். பாதாள லோகத்து மரண தேவர்கள் அவர்களைப் பந்து விளையாட அழைக்கிறார்கள். இருட்டு வீடு, குளிர் வீடு, சிறுத்தை வீடு, வௌவால் வீடு என்று ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு வீட்டில் அடைக்கிறார்கள். கடைசியில் சகோதரர்கள் தாமாகவே தீயில் குதித்து, எலும்புகள் பொடியாகி ஆற்றில் கரைந்து, மறுபடி உயிர்பெற்று எழுந்து, மரண தேவர்களைத் தந்திரத்தால் வென்று, சூரிய சந்திரர்களாகிறார்கள். இதற்கு மேல் ஓர் அற்புதக் கதைக்கு என்ன வேண்டும்?

மூன்றாவது ஊற்று ஆப்பிரிக்கா. அடிமைக் கப்பல்களின் அடித்தட்டிலே சங்கிலியோடு வந்தவர்கள் வேறு எதையும் கொண்டுவர முடியவில்லை. கதையைக் கொண்டு வந்தார்கள். சிறிய மிருகம் பெரிய மிருகத்தை ஏமாற்றித் தப்பும் கதைகள் அவர்களுக்கு உயிர் மருந்தாக இருந்தன. போர்ட்டோ ரிக்கோத் தீவிலே முயல் புலியை ஏமாற்றும் கதை உண்டு. அந்தத் தீவின் காட்டிலே புலி என்ற ஜந்துவே கிடையாது. கதைப் புலி கப்பலேறி வந்த புலி என்பது இதனால் விளங்கும்.

எலி பெரெஸின் மூன்று பிறவிகள்

நாடோடிக் கதையை எடுத்துக் குழந்தைகளுக்கு எழுதுவது எத்தனை விதமாகக் கூடும் என்பதை ஓர் எலியின் சரித்திரத்தைக்கொண்டே அறியலாம். அந்த எலியின் பெயர் பெரெஸ்.

முதற் பிறவி ஸ்பெயினின் தென்பகுதியாகிய அந்தலூஸியாவில். பெர்னான் கபல்யேரோ என்ற ஆண் பெயரால் எழுதிவந்த செஸிலியா என்ற அம்மையார் கிராமத்து ஜனங்களிடம் கேட்ட கதைகளையும், விடுகதைகளையும், பழமொழிகளையும் தொகுத்து 1877-இல் வெளியிட்டார். அதிலே ஒரு சிற்றெறும்பு வீடு பெருக்கும்போது காசு ஒன்றைக் கண்டெடுக்கிறது. அதற்கு முகப்பூச்சு வாங்கி அலங்கரித்துக்கொண்டு ஜன்னலில் உட்காருகிறது. காளையும் நாயும் பூனையும் பெண் கேட்டு வருகின்றன. அவற்றின் குரல் எறும்புக்குப் பிடிக்கவில்லை. மெல்லிய குரலில் பேசிய எலி பெரெஸை அது மணக்கிறது. ஒருநாள் அடுப்பில் கொதிக்கும் சட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எறும்பு வெளியே போக, எலி சட்டிக்குள் விழுந்து இறந்துவிடுகிறது. பறவையும் புறாக்கூடும் நீரூற்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் துக்கம் காக்கின்றன. அவ்வளவுதான் கதை. நீதி என்று எதையும் தனியாக எடுத்துச் சொல்லவில்லை. சிரிக்க வைத்து, அழ வைத்து, நின்றுவிடுகிறது.

இரண்டாம் பிறவி மாட்ரிட் அரண்மனையிலே. 1894-இல் ஸ்பெயினுக்கு ராஜா எட்டு வயதுச் சிறுவர், பதின்மூன்றாம் அல்போன்ஸோ. அவருக்குப் பால்பல் ஒன்று விழுந்தது. அதை முன்னிட்டு ஒரு கதை எழுதும்படி லூயிஸ் கொலோமா என்ற இயேசு சபைப் பாதிரியாருக்கு வேண்டுகோள் வந்தது. கொலோமா முன்சொன்ன அம்மையாரிடம் இலக்கியப் பயிற்சி பெற்றவர். எலி பெரெஸை எடுத்துக்கொண்டார். ஆனால் சட்டியில் விழவிடவில்லை. தலையணையின் கீழிருக்கும் பால்பல்லைப் பெற்றுக்கொண்டு பரிசு வைக்கும் கனவானாக்கினார். அரேனல் வீதி 8-ஆம் எண் கட்டிடத்துப் பலகாரக் கடையிலே ஒரு பிஸ்கோத்துப் பெட்டிக்குள் குடும்பத்தோடு குடிவைத்தார். எலி, குட்டி ராஜாவையும் எலியாக மாற்றி, இரவில் கூட அழைத்துச் செல்கிறது. குளிரில் வைக்கோல் படுக்கையில் கிடக்கும் ஓர் ஏழைச் சிறுவனை ராஜா காண்கிறார். எல்லாரும் சகோதரர், நீ மூத்த சகோதரன் என்பது அவருக்கு உபதேசம்.

இந்தக் கதையை ஒருவாறு போற்றவும் வேண்டும், ஒருவாறு எச்சரிக்கையோடு பார்க்கவும் வேண்டும். அரண்மனைச் சிறுவனுக்கு ஏழையின் குடிசையைக் காட்டிய மட்டில் கொலோமா நல்லதே செய்தார். ஆனால் குடியானவர் அடுப்பங்கரையில் பிறந்த எலி ராஜ விசுவாசத்தின் தூதனாகிவிட்டது. ஏழை தம்பியாகவும் ராஜா தமையனாகவும் இருக்கிற ஏற்பாட்டை அந்தக் கதை கேள்வி கேட்கவே இல்லை. கேள்வியை ஜனங்கள் கேட்டார்கள். 1931-இல் குடியரசு ஏற்பட்டது. அல்போன்ஸோ நாட்டை விட்டுப் போனார். எலி போகவில்லை. இன்றும் ஸ்பெயினிலும், ஸ்பானிஷ் பேசும் பல நாடுகளிலும் குழந்தைகளின் பல்லுக்குப் பரிசு வைப்பது அதுவே. 2003-இல் மாட்ரிட் நகர சபையார் அரேனல் வீதிக் கட்டிடத்தில் எலியின் ஞாபகார்த்தமாகப் பலகை பதித்தார்கள். ராஜாவுக்காக எழுதப்பட்ட கதையை ஜனங்கள் தம்முடையதாக்கிக் கொண்டார்கள் என்பதே இதன் தாத்பரியம்.

நூல் நிலையத்தில் காணாத கதை

எலியின் மூன்றாம் பிறவிதான் நமக்கு மிகவும் முக்கியம். 1898-இல் நடந்த யுத்தத்தின் முடிவில் போர்ட்டோ ரிக்கோத் தீவு ஸ்பெயினின் கையிலிருந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கைக்கு மாறியது. எஜமானர் மாறினார்கள், சுதந்திரம் வரவில்லை. புதிய ஆட்சியார் தீவின் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலத்தைப் புகுத்தினார்கள். வீட்டிலே ஸ்பானிஷ், பள்ளியிலே ஆங்கிலம் என்ற இரட்டை வாழ்வில் குழந்தைகள் அவதிப்பட்டனர். ஜனங்கள் தாமே தேர்ந்தெடுத்த முதல் கவர்னர் 1949-இல் பதவியேற்ற பின்னரே ஸ்பானிஷ் மறுபடி போதனா பாஷையாயிற்று.

அந்தத் தீவிலே ஸித்ரா என்ற ஊரில் பிறந்தவர் பூரா பெல்ப்ரே அம்மையார். சகோதரியின் விவாகத்துக்காக நியூயார்க் வந்தவர், அங்கேயே தங்கி, 1921-இல் ஹார்லெம் பகுதியில் நகரத்துப் பொது நூல் நிலையக் கிளையில் வேலைக்கு அமர்ந்தார். அந்த நூல் நிலையத்தில் பணி பெற்ற முதல் போர்ட்டோ ரிக்கோ ஸ்திரீ அவரே. குழந்தைகளுக்கான அலமாரிகளிலே பற்பல தேசத்து நாடோடிக் கதைகள் அடுக்கியிருந்தன. தம் தீவின் கதையை அவர் தேடினார், ஒன்றுகூட இல்லை. தெருவிலோ தம் தீவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களின் குழந்தைகள் நாளுக்கு நாள் பெருகினார்கள்.

அச்சிட்ட புஸ்தகத்திலுள்ள கதையையே குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது அந்த நூல் நிலையத்தின் வழக்கம். கதை அச்சில் இல்லையென்றால் அது கதையே இல்லை. பெல்ப்ரே தம் பாட்டியிடம் கேட்ட எலி பெரெஸின் கதையை எழுதினார். அதை அச்சேறுவதற்கு முன்பே சொல்லலாம் என்று அவருக்கு விசேஷ அநுமதி கிடைத்தது. 1932-இல் புஸ்தகமாகவும் வெளிவந்தது. அதிலே எறும்பின் ஸ்தானத்தில் மார்த்தினா என்ற கரப்பான்பூச்சிச் சீமாட்டி வருகிறாள். முகத்துக்கு மா பூசிக்கொண்டு உப்பரிகையில் உட்காருகிறாள். பெரெஸ் சட்டியில் விழுந்து இறக்கிறான். மார்த்தினா கித்தார் வாத்தியத்தை மீட்டி அவனை நினைத்துப் பாடுகிறாள். அந்தலூஸியக் கிராமத்திலிருந்து கப்பலேறித் தீவுக்குச் சென்ற கதை, தீவின் சமையலையும் வாத்தியத்தையும் ஏற்றுக்கொண்டு, மறுபடி கப்பலேறி ஹார்லெம் வந்து சேர்ந்தது. மரணத்தை அம்மையார் மறைக்கவில்லை. நீதி ஒன்றையும் ஒட்டவைக்கவில்லை. பாட்டி சொன்னதை மதித்தார்.

அவர் எழுதியது ஆங்கிலத்தில். ஆள்பவரின் பாஷையில் எழுதலாமா என்று சிலர் குறை சொல்லக்கூடும். நாமும் இந்தக் கேள்வியைப் பொருட்படுத்தாமல் விட முடியாது. தாய்ப் பாஷையில் கேட்ட கதையை அயல் பாஷையில் எழுதினால் அதன் ஓசையில் ஒரு பங்கு நஷ்டமாகும் என்பது வாஸ்தவம். ஆனால் பெல்ப்ரே புஸ்தகத்தோடு நிற்கவில்லை. கதை சொல்லும் வேளையை ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டிலும் நடத்தினார். ஜனவரி 6-ஆம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளை நூல் நிலையத்திலேயே கொண்டாட வைத்தார். பொம்மலாட்டம் செய்து காட்டினார். ஆங்கிலம் தெரியாமல் வாசலிலேயே தயங்கி நின்ற தாய்மார்கள் உள்ளே வந்தார்கள். அச்சிட்ட ஆங்கிலப் புஸ்தகம் அலமாரியிலே இடத்தைப் பிடித்தது. வாயால் சொன்ன ஸ்பானிஷ் கதை குழந்தையின் மனத்திலே இடத்தைப் பிடித்தது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் காரியம் பாதியில் நின்றிருக்கும். 1946-இல் முயலும் புலியும் பற்றிய கதை முதலியவை அடங்கிய அவரது தொகுதி வெளிவந்தது. 1982-இல் அவர் காலமானார். ஸ்பானிஷ் மரபினரின் வாழ்வைச் சிறப்பிக்கும் சிறுவர் நூல்களுக்கென்று அமெரிக்க நூல் நிலையத்தார் 1996-இல் ஏற்படுத்திய பரிசு அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பயமும் தயையும்

இன்று இக்கதைகளை எடுத்து அற்புத நவீனங்கள் எழுதுவோர் பலர். அவர்கள் முன் நிற்கும் முதற் கேள்வி, கதையிலுள்ள பயத்தை என்ன செய்வது என்பது. மெக்ஸிகோவிலும் அதன் வடக்கெல்லையிலும் எல்லாக் குழந்தைகளும் அறிந்த உரு, 'அழுகைக்காரி' என்னும் லா யோரோனா. தன் குழந்தைகளை ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றுவிட்டு, அந்தப் பாவம் தீராமல், இரவுதோறும் நீர்க்கரையில் அழுதுகொண்டு திரிகிறாள். இருட்டிய பிறகு ஆற்றங்கரைக்குப் போகாதே என்று தாய்மார் பயமுறுத்துவது இவளைச் சொல்லித்தான்.

டெக்ஸஸின் தென்கோடியில் பிறந்த குளோரியா அன்ஸல்தூவா என்ற எழுத்தாளர் 1990களில் குழந்தைகளுக்கென்று இவளை எழுதினார். அந்த நிலம் ஒரு காலத்தில் மெக்ஸிகோவுக்குச் சொந்தம். பின்னர் பெரிய பண்ணைகளின் வேலிக்குள் அடைபட்டது. தாய்க்கு நோய் கண்டபோது மூலிகை தேடி ஒரு சிறுமி பண்ணைக்குள் நுழைகிறாள். உள்ளே வருபவரைச் சுட்டுவிடுவார்கள் என்பது ஊர்ப்பேச்சு. வழி தவறி இருட்டில் நிற்கும் அவளுக்கு எதிர்ப்படுபவள் அழுகைக்காரி. சிறுமி பயப்படுகிறாள், ஆயினும் பின்தொடர்கிறாள். பேய் என்று ஊர் சொன்னவள் மூலிகை இருக்கும் இடத்தையும் திரும்பும் வழியையும் காட்டுகிறாள். இங்கே ஆசிரியர் பயத்தை அழிக்கவில்லை. பயப்பட வேண்டியது எதற்கு என்பதைத்தான் மாற்றினார். ஆற்றங்கரைப் பேயா, வேலியடைத்துத் துப்பாக்கி பிடித்த பண்ணையா என்று குழந்தை தானே யோசித்துக்கொள்ளும். நாடோடிக் கதையை மாற்றி எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. மாற்றலாம்; மாற்றுகிறவர் அந்த ஆற்றங்கரையை அறிந்தவராக இருக்க வேண்டும்.

கதை யாருடையது?

இரண்டாவது கேள்வி இன்னும் கடுமையானது. 2013-ஆம் வருஷத்தில் வால்ட் டிஸ்னி கம்பெனியார், மெக்ஸிகோ சம்பந்தமான ஒரு சலனப் படத்துக்கு முன்னேற்பாடாக, இறந்தோர் திருநாளின் ஸ்பானிஷ் பெயரைத் தங்கள் வர்த்தகக் குறியாகப் பதிவு செய்யும்படி மனுப்போட்டார்கள். பரம்பரையாக ஜனங்கள் தம் வீட்டு இறந்தோருக்குப் பூவும் ரொட்டியும் படைத்துவரும் பண்டிகையின் பெயர் ஒரு கம்பெனியின் சொத்தாவதா? கண்டனம் நாலாபக்கமும் எழுந்தது. மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். கண்டித்துச் சித்திரம் வரைந்த ஒருவரையே பின்னர் ஆலோசகராக அமர்த்திக்கொண்டார்கள். 2017-இல் 'கோகோ' என்ற அந்தப் படம் வெளிவந்து மெக்ஸிகோவிலேயே பெரும் வரவேற்பைப் பெற்றது. ஜனங்கள் விழித்திருந்தபடியால் கதை பிழைத்தது என்று நாம் கருதுகிறோம்.

ஆனால் கதைக்கு வேலி போட்டு, வேற்றார் எவரும் தொடலாகாது என்று சொல்வதும் நமக்குச் சம்மதமில்லை. கரடகனும் தமனகனும் ஸ்பெயின் போனபோது அவர்களைத் தடுத்து நிறுத்தியிருந்தால் யாருக்கு லாபம்? கதை பரவுவது வேறு, கதை பறிபோவது வேறு. பரவும்போது சொன்னவரிடமும் கதை இருக்கும், கேட்டவரிடமும் இருக்கும். பறிபோகும்போது சொன்னவரின் பெயரும் ஊரும் அழிந்து, வாங்கியவரின் முத்திரை மட்டும் நிற்கும். எழுதுகிறவர் எந்த ஊரில், எந்த வகுப்பாரிடம், எந்தப் பாஷையில் அந்தக் கதை வழங்கிற்று என்பதை அறிந்து, அதை மறைக்காமல் சொல்லிவிட்டால், பாதிக் கடன் தீர்ந்தது. மாயா தேவரையும் அஸ்தெக் தேவரையும் ஆப்பிரிக்க முயலையும் ஒரே சட்டியில் போட்டுக் கலக்கி, 'லத்தீன் அமெரிக்கக் கற்பனை' என்று விற்பவர் அந்தக் கடனைத் தீர்க்காதவர்.

மற்றப் பாதிக் கடனைத் தீர்ப்பது எப்படி என்பதை விக்தர் மொந்தேஹோ என்பவரின் வாழ்க்கை காட்டும். இவர் குவாதமாலாவிலே மாயா வகுப்பில் பிறந்து, கிராமப் பள்ளி உபாத்தியாயராக இருந்தவர். 1982-இல் ராணுவத்தாரின் கொடுமையால் கிராமங்கள் அழிந்தபோது உயிர்தப்பி வெளிநாடு சென்றார். தம் தாயும் முதியோரும் சொன்ன மிருகக் கதைகளை 1991-இல் நூலாக்கினார். 1999-இல் 'போபோல் வூ' புராணத்தையே சிறுவர்களுக்காகத் திருப்பி எழுதினார். ஊர் எரிந்தாலும் ஊரின் கதை எரியாமல் பார்த்துக்கொண்டார். மானீயில் 1562-இல் மூட்டிய தீ 1982-இலும் அணையவில்லை என்பதையும், அதற்கு எதிராக மாயா ஜனங்கள் ஏந்திய ஆயுதங்களில் கதையும் ஒன்று என்பதையும் இங்கே காண்கிறோம்.

மாயா புராணத்தை ஆதாரமாகக்கொண்டு இப்பொழுது சாகஸ நவீனங்களும் வருகின்றன. 2018-இல் ஜெ. ஸி. செர்வாண்டஸ் எழுதிய ஒரு நவீனத்தில், கால் ஊனத்தால் பள்ளியில் பரிகாசத்துக்கு ஆளாகும் நியூ மெக்ஸிகோச் சிறுவன் ஒருவன், தான் மாயா தேவர் ஒருவரின் மகன் என்று அறிகிறான். இத்தகைய நவீனங்களில் வேகம் அதிகம், ஆழம் குறைவு என்பது சிலர் அபிப்பிராயம். இருக்கலாம். ஆனால் கிரேக்க தேவரை மட்டுமே அறிந்து வளர்ந்த குழந்தை, தன் பாட்டனாரின் தேவரும் இடி முழக்கவல்லவர் என்று ஒரு தரம் அறிந்துகொண்டால், அதன் பிறகு அவன் தலை குனிந்து நடக்க மாட்டான். அந்த அளவில் அவையும் பயன் தருபவையே.

கதை சுமக்கும் சிறுமி

இவ்வளவையும் ஒரே கதையாக்கிக் காட்டுகிற நூல் ஒன்றுண்டு. தோன்னா பார்பா ஹிகேரா என்ற அம்மையார் 2021-இல் எழுதிய 'கடைசிக் கதைசொல்லி' என்னும் நவீனம் அது. 2022-இல் அமெரிக்காவின் பிரசித்தமான நியூபெரி பதக்கமும் பெல்ப்ரே பரிசும் அதற்கே கிடைத்தன. 2061-இல் ஹாலி வால் நட்சத்திரம் பூமியின்மீது மோதப்போகிறது. பொறுக்கி எடுத்த சிலரை ஏற்றிக்கொண்டு விண்கப்பல் வேறொரு கிரகத்துக்குப் புறப்படுகிறது. பெட்ரா என்ற சிறுமிக்கு அதில் இடம் கிடைக்கிறது. கதை சொன்ன அவள் பாட்டிக்குக் கிடைக்கவில்லை. நூற்றாண்டுகள் உறங்கி விழிக்கும்போது கப்பல் ஒரு கூட்டத்தார் வசமாகியிருக்கிறது. வேற்றுமைதான் சண்டைக்கு மூலம், பழைய நினைவுதான் வேற்றுமைக்கு மூலம் என்பது அவர்கள் சித்தாந்தம். எல்லாருடைய நினைவையும் துடைத்துவிட்டார்கள். பெட்ராவின் நினைவு மட்டும் தப்பியது. பாட்டியின் கதைகளை அவள் மற்றக் குழந்தைகளுக்கு இரகசியமாகச் சொல்லுகிறாள். சொல்லும்போதே காலத்துக்கும் இடத்துக்கும் தக்கபடி மாற்றுகிறாள்.

அரசியல் அறிந்த நம் வாசகர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஒற்றுமை வேண்டும் என்ற நல்ல பெயரைச் சொல்லிக்கொண்டே ஒரு ஜன சமூகத்தின் பாஷையையும் நினைவையும் துடைக்க முயன்றவர்கள் உலக சரித்திரத்தில் குறைவல்லர். மானீயில் அது தீயாக வந்தது. போர்ட்டோ ரிக்கோவில் பள்ளிக்கூடப் புஸ்தகமாக வந்தது. ஹார்லெமில் காலி அலமாரியாக வந்தது. கம்பெனியின் மனுவிலே அது வர்த்தகக் குறியாக வந்தது. ஒவ்வொரு தடவையும் எதிர்த்து நின்றவர்களில் கதை சொல்லியும் ஒருவர்.

ஆதலால், குழந்தைக் கதை எழுதுவோரைச் சில்லறை வேலை செய்பவர்கள் என்று ஊழியர்கள் எண்ணலாகாது. எழுதுவோரும் தங்கள் பொறுப்பை மறக்கலாகாது. புராணத்தை அலங்காரத்துக்காக ஒட்டவைக்கக் கூடாது. அது பிறந்த மண்ணோடும் பாஷையோடும் சேர்த்து எடுக்க வேண்டும். துக்கத்தையும் பயத்தையும் வடிகட்டிவிட்டு வெறும் சர்க்கரைத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. மாற்ற வேண்டிய இடத்தில் தைரியமாக மாற்ற வேண்டும். யாரிடம் கேட்டோம் என்பதை மட்டும் மறைக்கக் கூடாது. எழுதுவதற்கு முன் கேட்க வேண்டும். ஒரு பாட்டி கண்ணை மூடும்போது எழுதப்படாத ஒரு நூல் நிலையமே மூடிப்போகிறது. அதன் கதவை மறுபடி திறக்க எந்தச் சர்க்காராலும் முடியாது. மார்த்தி போருக்குப் போகும் முன்பே குழந்தைகளுக்குப் பத்திரிகை நடத்தியதன் காரணம் இதுதான். விடுதலை கிடைக்கும் நாளில் அதை அநுபவிக்கத் தங்களைத் தாங்களே அறிந்த ஜனங்கள் இருக்க வேண்டும் அல்லவா?